மூன்று பேருக்கு இரண்டு சம்பளம்

கூட்டுறவுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே! சம்பளத்தில் கை வைக்கப்போகிறார்களாம், ஆட்களைக் குறைக்கப்போகிறார்களாம் என்று போன கிழமை உங்களில் ஒருவர் என் வீட்டு வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்தக் காலத்துல நீங்கெல்லாம் பயப்படாமத்தானே இருந்திருப்பீங்க, சேர்?"

பயப்படாமலா! நானா! பயப்படுவதில் கல்முனைக் கரையிலேயே எனக்கு நிகர் கிடையாது. நீங்கள் வெறும் நகம்தான் கடிக்கிறீர்கள். நான் நோன்பு நாளில் நகத்தைக் கடித்துவிட்டு, நோன்பு முறிந்துவிட்டதா என்று பள்ளிவாசல் லெவ்வையிடம் கேட்கப் போனவன். "விழுங்கினயா, துப்பினயா?" என்று கேட்டார் அவர். யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. "முதல்ல உன்ட வாய்க்குள்ள என்ன நடக்குது எண்டு கவனி மகன்" என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதர் அன்று சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிறுப்பது, அளப்பது, இருப்பு எடுப்பது எல்லாம் உங்கள் மேலே உள்ளவர்கள் பழக்கித் தருவார்கள். நான் சொல்லப்போவது வேலை ஆட்டங்காணும்போது மனிதன் எவ்வளவு அழகாகக் கோமாளியாகிறான் என்பதை.

எழுபதுகளில் நாடே கியூவில் நின்றது. சீனிக்குக் கியூ, பாணுக்குக் கியூ, புடவைக்குக் கியூ. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில், பெரிய தெருவோரம் எங்கள் சங்கக்கடை. அதில் நான் விற்பனையாளன். பெயர்தான் விற்பனையாளன். விற்க என்ன இருந்தது? என் வேலை முழுவதும் ஒரே சொல்தான்: "இல்ல." அந்தச் சொல்லில் நான் ஒரு வித்துவான். முன்பின் தெரியாதவருக்கு "இல்ல." தெரிந்தவருக்கு "முடிஞ்சி." சொந்தக்காரருக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, கண்ணையும் சிமிட்டி, "நாளைக்குப் பாப்பம்." மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆனால் மூன்றாவதைக் கேட்டவர் சந்தோஷமாகப் போவார்.

வந்த சாமானை முன்னால் வைத்தால் சண்டை வரும். அதனால் எல்லாவற்றையும் பின்னால் உள்ள ஸ்டோருக்குள் பூட்டிவிடுவோம். முன் அலுமாரிகள் எப்போதும் வழுக்கைத் தலை மாதிரி பளபளவென்று காலியாக இருக்கும். பங்கீட்டுக் கூப்பனைப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே இருந்து எடுத்துவருவோம். உள்ளே என்ன கிடக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் எங்களுக்கு மரியாதை.

அந்த மரியாதையில்தான் எனக்குக் கல்யாணமும் நடந்தது. "சங்கக்கடை மாப்பிள்ளை" என்று மாமி தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும்தானே: கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். கூரை மாமியுடையது, கிணறு மாமியுடையது, நான் படுத்த பாயும் மாமியுடையது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. என் வேலை.

பிறகு ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறந்தது. எங்களுக்கு நேரெதிரே ஒரு புடவைக்கடை முளைத்தது. அதன் வாசலில் தொங்கிய நைலோன் துணி வெயிலில் மினுங்கியதில் எங்கள் கடைச் சுவரே நிறம் மாறியது. கியூ ஒரே இரவில் காணாமல் போனது. ஒரு நாள் காலை கதவைத் திறந்தேன். வெளியே வரிசையில் நின்றது ஒரு ஆடு மட்டும்தான். பழக்கதோஷம், அதற்கும் "இல்ல" என்றேன்.

எங்கள் கடையில் மூன்று பேர். நான் ஒன்று. ஸ்டோரைப் பார்த்த, எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன் ஆதம்பாவா காக்கா ஒன்று. காசாளராக இருந்த காரைதீவு அக்கா ஒன்று. அக்காவின் பெயரைச் சொல்லமாட்டேன். எழுத்தில் தன் பெயரைக் கண்டால் இந்த வயதிலும் பஸ் ஏறி வந்து குடையால் அடிப்பார். இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது புத்தி இருக்கிறதென்றால் அதில் முக்கால்வாசி அவர் குடைக்குச் சொந்தம்.

நோன்பு பிறந்த கையோடு சங்க மனேஜர் வந்தார். கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "சங்கம் தள்ளாடுது. இந்த மாசம் எல்லாருக்கும் அரைச் சம்பளம்தான். நோன்புப் பெருநாள் முடிய முழுச் சம்பளம் தருவம். ஆனா ரெண்டு பேருக்குத்தான். மூண்டு பேர்ல ஒராள் வேலையால நிக்கணும். ஆரெண்டு நீங்களே கதைச்சு வைங்க."

"நாங்களா?" என்றார் அக்கா.

"ஓம். நான் சொன்னா அந்தப் பாவம் எனக்கல்லவா வரும்?"

அவர் போனார். ஆதம்பாவா காக்கா சாக்கு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினார். "சோறும் ரிஸ்கும் தாறவன் அல்லாஹ். மனேஜர் இல்ல."

"ஓம் காக்கா, ஆனா சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுறவர் மனேஜர்தானே!" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு காசு லாச்சியைத் திறந்து மூடினார்.

அன்றிலிருந்து என் கூத்துத் தொடங்கியது.

முதல் கூத்து, வீட்டில். அரைச் சம்பளத்தை மாமியிடம் மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை நோன்பு திறக்க உட்கார்ந்தால் எனக்கு மட்டும் கோப்பையில் பாதிக் கஞ்சி.

"என்ன மாமி, கஞ்சி குறையுது?"

"அரைச் சம்பளத்துக்கு அரைக் கோப்ப தான் மருமகன்" என்றார் மாமி. என் மனைவி முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு குலுங்கினாள். ஊரில் மீன்காரி வரைக்கும் தெரிந்திருக்கிறது. மாமி பிறகு மற்றப் பாதியையும் ஊற்றினார். ஆனால் அந்த முதல் பாதிதான் என் தொண்டையில் நின்றது.

இரண்டாம் கூத்து, பள்ளிவாசலில். இரவில் தராவீஹ் தொழுகைக்கு மனேஜர் எந்த வரிசையில் நிற்கிறாரோ, அந்த வரிசையில் அவர் தோளோடு தோள் உரசி நின்றேன். அவர் முன் வரிசைக்குப் போனால் நானும் போனேன். தூணோரம் போனால் தூணுக்கும் அவருக்கும் இடையில் புகுந்தேன். ஒரு நாள் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீ தொழ வாறியா, எனக்குக் காவல் நிக்க வாறியா?" என்று கேட்டார். அதற்கும் நான் பெரிதாகச் சிரித்துக் காட்டினேன். அவர் பகிடி விட்டால் சிரிப்பதும் என் திட்டத்தில் ஒன்று.

மூன்றாம் கூத்துதான் மிகவும் புத்திசாலித்தனமானது என்று நான் நம்பியது. ஸ்டோர்க் கதவின் பூட்டு கடல் காற்றில் துருப்பிடித்த கிழட்டுப் பூட்டு. பூட்டுக்குள் விட்ட திறப்பைப் பாதி திருப்பி, முழங்காலால் கதவைத் தூக்கி, மறுபடி திருப்ப வேண்டும். அதுவரை அதைத் திறந்தவர் காக்கா. "உங்களுக்கு முழங்கால் நோவுதானே காக்கா, நான் திறக்கன்" என்று அன்பாகத் திறப்பை வாங்கிக்கொண்டேன். பிறகு பூட்டுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தினேன். ஒரு கிழமையில் அது என் கைக்கு மட்டுமே இணங்கியது. மனேஜர் வரும்போதெல்லாம் அதை முக்கி முனகித் திறந்து காட்டினேன். இந்த ஆள் போனால் ஸ்டோரே திறக்காது என்று அவருக்குப் பட வேண்டும் அல்லவா?

அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் நோன்பு என்பதால் அவரும் எங்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சாப்பாட்டுப் பெட்டியும் குடையும் பகல் முழுக்க ஆணியில் தொங்கும். ஒரு நாள் காசை எண்ணிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "தம்பி, பூட்டுத் திறக்க ஒராள்தான் வேணுமெண்டா, பூட்ட மாத்திப்போடுவாங்க. ஆள வச்சிருக்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். என்ன செய்வது, பயந்தவனுக்குக் காது இருக்கும் இடத்தில் இன்னொரு வாய்தான் இருக்கும்.

பெருநாள் நெருங்கிய ஒரு பகல். கடைக்கு முன்னால் உழவு மெசின் ஒன்று இழுவைப் பெட்டியோடு வந்து நின்றது. பெட்டி நிறைய வலைக்காரர்கள். இறங்கி வந்தவர் சாய்ந்தமருதில் கரைவலை வைத்திருந்த முதலாளி ஒருவரின் மனைவி. அந்த முறை கீரிமீன் மலைமலையாகப் பட்டிருந்தது. நல்ல மீன் பட்டால் வலை இழுத்தவர்களுக்கெல்லாம் பெருநாளுக்கு இடுப்பில் கட்டப் புதுச் சாரன் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வாசற்படியில் காலை வைத்தபடியே கேட்டார்:

"தம்பி, சாரன் இரிக்கா? எங்கட வலைக்கார..."

"இல்ல!"

கேள்வி முடியவில்லை. நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் மூளைக்குச் சொல்லாமல் என் வாய் தானாகச் செய்த வேலை அது. ஸ்டோருக்குள் மருதமுனைச் சாரன்கள் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கிக் கிடந்தன! வாங்க ஆளில்லாமல் மாதக்கணக்காகக் கிடந்தன! அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பித் தெருவைக் கடந்தார். வலைக்காரர்களும் பின்னால் போனார்கள். எதிர்க்கடை முதலாளி கதிரையை விட்டு எழுந்து, பல் முழுவதும் தெரிய வரவேற்றார்.

"அடப் பாவி!" என்று அக்கா கத்தினார். "உள்ளுக்குக் கிடக்கிறது என்ன, உன்ட மையத்தச் சுத்திப் புதைக்க வச்ச கபன் புடவையா? ஓடு!"

ஓடினேன். செருப்பில்லாமல், கொதிக்கும் தார் ரோட்டில், ஒரு சைக்கிளையும் ஒரு மாட்டையும் தாண்டி ஓடினேன். எதிர்க்கடையில் நைலோன் சாரன்கள் ஏற்கெனவே விரிந்துகொண்டிருந்தன.

"ராத்தா! இரிக்கு! சாரன் இரிக்கு!"

அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவு காலம்! புதுச் செருப்பு மாதிரி நாக்கைக் கடித்தது.

எதிர்க்கடை முதலாளிக்குக் கொண்டாட்டம். "ஆரடா இது, சங்கக்கடை நடந்து வருது! இவ்வளவு காலமும் நாங்க உங்கட வாசல்ல காவல் கிடந்தம். இப்ப வாங்க, வந்து கியூவில நில்லுங்க!"

வலை முதலாளியின் மனைவியான அந்த ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதானே தம்பி இல்ல எண்டீங்க?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அழகான பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக நின்றது: இப்பதான் லொறி வந்து இறக்கிட்டுப் போகுது ராத்தா. ஆனால் தெருவில் லொறி இல்லை, மாடுதான் நின்றது. மூச்சும் வாங்கியது. பொய் சொல்ல நீளமான மூச்சு வேண்டும். என்னிடம் இருந்தது உண்மைக்கு மட்டும் போதுமான மூச்சு.

"வாய்ப் பழக்கம் ராத்தா! இல்ல, இல்ல எண்டு சொல்லியே சம்பளம் எடுத்த வாய். இரிக்கிற காலம் வந்தது இதுக்கு இன்னும் தெரியா!"

கடை அதிர்ந்தது. வலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதிர்க்கடை முதலாளியும் சிரித்துவிட்டார். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மீன வச்சிக்கொண்டு மீன் இல்ல எண்டு சொல்ற மீன்காரன நான் கண்டதே இல்ல. வாங்க, அந்தச் சாரனப் பாப்பம்."

அவர் முன்னால், வலைக்காரர்கள் பின்னால், வேடிக்கை பார்க்க அரைவாசிச் சந்தை அதற்கும் பின்னால். நான் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வந்து, திறப்பைப் பூட்டுக்குள் விட்டு, பாதி திருப்பி, முழங்காலால் தூக்கி, மறுபடி திருப்பினேன்.

டக்.

பூட்டு திறந்த சத்தம் அல்ல. திறப்பு முறிந்த சத்தம். பாதி என் கையில், பாதி பூட்டுக்குள்.

என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாத பூட்டு என்று நான் வளர்த்தது, கடைசியில் என்னாலும் திறக்க முடியாத பூட்டானது. ராத்தா குனிந்து பார்த்தார். "இப்ப சாரன் இரிக்கு, திறப்பு இல்லயா?" காக்கா பூட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "எண்ணெய் விட்டே இல்லயே மகன்" என்றார். அக்கா தலையைத் திருப்பினார். ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்தார். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

அப்போது வலைக்காரர்களின் தண்டயல் முன்னால் வந்தார். கடலில் தோணியையும் கரையில் ஆட்களையும் நடத்துகிறவர், தோள் இரண்டும் தூண் மாதிரி. கதவில் இருந்த இரும்பு வளையத்தை ஆட்டிப் பார்த்தார். "கயிறு பெட்டிக்குள்ள கிடக்கு. இழுப்பமா?"

காக்கா மனேஜரை நினைத்துத் தயங்கினார். நான் மயங்கி விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவெடுத்தவர் அக்கா. "பெருநாளைக்கு முந்தி விக்காத சாரன் பெருநாளைக்குப் பிறகு ஆருக்கு? இழுங்க. மனேஜருக்கு நான் பதில் சொல்லுறன்."

வளையத்தில் வலைக்கயிற்றைக் கட்டினார்கள். கடையின் நீளம் போதாமல் கயிறு தெருவுக்குப் போனது. தண்டயல் குரல் கொடுக்க, நோன்பு பிடித்த வறண்ட தொண்டைகளெல்லாம் "ஏலேலோ" என்று எழுந்தன. கடலில் வலை இழுக்கிற அதே இழுவை! சந்தைக்கு வந்தவர்களும் கயிற்றில் கை போட்டார்கள். எதிர்க்கடை முதலாளிகூட உற்சாகம் தாங்காமல் வந்து கயிற்றைப் பிடித்தார். தன் வியாபாரத்தைத் தானே இழுத்து எங்களிடம் விடுகிறார் என்பதை மனிதர் மறந்தே போனார். மூன்றாவது இழுவையில் கதவு, நிலை, சுவரில் பாதிச் சாந்து எல்லாம் சேர்ந்து பெரிய மீன் மாதிரி நடுக்கடையில் வந்து விழுந்தது.

புழுதி அடங்கியது. உள்ளே சாரன் அடுக்குகள், சேர்ட் துணி, படுக்கை விரிப்பு, சவர்க்காரப் பெட்டிகள். ஊர் வாயைப் பிளந்தது.

"அடேய், இவ்வளவும் வச்சிக்கொண்டா இல்ல எண்டீங்க!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஊர் எங்களை வெறுத்து விட்டுப் போகவில்லை. எங்களிடம் ஒன்றுமில்லை என்று நாங்கள் சொன்னதை மரியாதையாக நம்பித்தான் போயிருந்தது.

அக்கா மேசையை இழுத்து உடைந்த வாசலுக்குக் குறுக்கே போட்டார். "முதல்ல வலைக்கார ஆக்கள். மத்தவங்க வரிசையா வாங்க!" வரிசை! எங்கள் கடைக்கு முன்னால் திரும்பவும் ஒரு கியூ! ஒவ்வொருவரும் கேட்கும்போது என் வாய் "இ..." என்று தொடங்கும், அக்காவின் கண் என் பக்கம் திரும்பும், "...ரிக்கு!" என்று முடிப்பேன். கதவு போன ஸ்டோரில் சாமானைப் பூட்ட வழியில்லாததால், மிச்சத்தையெல்லாம் முன் அலுமாரிகளில் அடுக்கினோம். தெருவால் போனவர்கள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். பெருநாள் வரைக்கும் வந்துகொண்டே இருந்தார்கள்.

பெருநாள் முடிந்தது. மனேஜர் வந்தார். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், நிறைந்த அலுமாரிகளைப் பார்த்தார், லாச்சியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"நல்ல வேலதான் செஞ்சிருக்கீங்க. ஆனா சங்கத்துக்கு இந்த ஒரு கடை மட்டும் இல்லயே. சொன்ன சொல்தான். ரெண்டு சம்பளம். ஆரு நிக்கிற?"

நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா நிலத்தைப் பார்த்தார். அக்காவைத் தேடினேன். அவர் ஆணியிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்திருந்தார். மற்றக் கையில் குடை. எதையோ சொல்லத் தொண்டையைச் சரிசெய்தார். தானே வேலையை விட்டுப் போவதாகச் சொல்லப்போகிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

"இல்ல!"

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முறையும் என் மூளைக்குத் தெரியாமல்தான் வந்தது.

மனேஜர் திடுக்கிட்டார். "என்ன இல்ல?"

எனக்கே தெரியாது. வாய் முன்னால் ஓடிவிட்டது, நான் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "நிக்கிறதுக்கு இஞ்ச ஆளில்ல. ஆரும் நிக்கிறதில்ல."

"அப்ப மூண்டாவது சம்பளத்துக்கு நான் எங்க போற?"

"அதுவும் வேணாம். அந்த ரெண்டு சம்பளத்தையும் தாங்க. மூண்டு பேரும் பகிர்ந்துகொள்ளுறம்."

காக்கா தலையை நிமிர்த்தினார். "ஓம் மனேஜர். கஞ்சி குறைஞ்சா கோப்பையவா குறைக்கிற? எல்லாக் கோப்பையிலயும் கொஞ்சம் குறைச்சு ஊத்துறதுதானே."

மனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எனக்கென்ன? ரெண்டு சம்பளம். அதுக்கு மேல ஒரு சதமும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் படியிறங்கியதும் அக்கா தாளில் எதையோ கிறுக்கினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "தம்பி, இவ்வளவு நாளும் எடுத்தது பாதி. இனி மூண்டுல ரெண்டு பங்கு. சம்பளம் கூடியிருக்கு!" தெருவில் மனேஜரின் நடை நின்றது. மெல்லத் திரும்பி எங்கள் கடையைப் பார்த்தார். அவரும் அப்போதுதான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை, அது அவர் குணம்.

அக்கா குடையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "வாய் சில நேரம் நல்லதும் பேசுது" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடமிருந்து புகழ்ச்சி எதிர்பார்க்கக்கூடாது.

முழுச் சம்பளம் திரும்பி வர நாளெடுத்தது. அதுவரை அப்படித்தான் பகிர்ந்தோம். புதுக் கதவு வந்தபோது அதன் பூட்டை மூன்று பேரும் திறக்கப் பழகினோம். எண்ணெய் விடுவது என் பொறுப்பு. உங்களுக்கும் இப்போது பயமாக இருக்கும். பயப்படுங்கள், அதில் வெட்கமில்லை, நான் அதில் பட்டம் பெற்றவன். ஆனால் பயத்தில் பூட்டு மட்டும் வளர்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுக்கிறாரா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

மனேஜர் வந்துபோன அன்று மாலை வீட்டுக்குப் போனேன். மாமி வாசலில் நின்றார். ஊர்ச் செய்தி எல்லாம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் அவருக்கு.

"என்ன மருமகன், வேல இரிக்கா, இல்லயா?"

வாய் "இ..." என்று தொடங்கியது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இரிக்கு மாமி."

"அப்ப நிண்டுகொண்டு என்ன பாக்கிறீங்க? கையக் கழுவிட்டு வாங்க. சோறும் இரிக்கு."